பக்காசுரன் கோட்டைக்குப் போன வழியில்

பெல்மவுண்ட் எஸ்டேட்,
குன்னூர்.
1934 மே 19, சனிக்கிழமை.

அன்புள்ள சுசீலாவுக்கு,

உன் தந்தி நேற்று வந்தது. ‘சுகமாய்ச் சேர்ந்தேன்.’ இரண்டே வார்த்தை. கட்டின புருஷனைக் காட்டில் அலையவிட்டுப் போனவளுக்கு மூன்றாவது வார்த்தை எழுத மனம் வரவில்லை போலிருக்கிறது. நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததும் முழங்காலிட்டுக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். எழுந்திருக்கும்போது கோபம்தான் மிச்சம் இருந்தது. அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்குத் தெரியாது.

உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? கல்யாணமான நாளிலிருந்து கடிதத்துக்குக் கடிதம் ‘ஊட்டி காட்டுங்கள்’ என்று எழுதினாய். பள்ளிக்கூட லீவுக்கு வரச் சொன்னேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் நானே இறங்கி வந்து அழைத்துப் போனேன். மலை ரயிலின் பல்சக்கரம் தண்டவாளத்தைக் கடிக்கிறதைப் பார்க்க வேண்டும் என்று நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தாய். கரித்தூள் கண்ணில் விழும் என்று கைக்குட்டையை உன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே வந்தவன் யார்? ஊட்டி காந்தலில் என் சிநேகிதன் வீட்டில் தங்க ஏற்பாடு செய்தேன். சர்க்கார் தோட்டம் காட்டினேன், ஏரி காட்டினேன், மார்க்கெட்டில் பிளம்ஸ் பழமும் வர்க்கியும் வாங்கித் தந்தேன். குளிருகிறது என்றாய், என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன்.

பக்காசுரன் கோட்டைக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தது நீதான். காலை ரயிலில் குன்னூருக்கு இறங்கி, ஜட்கா போகிற மட்டும் போய், மேலே நடந்து ஏறி, சாயங்கால ரயிலுக்குத் திரும்ப வேண்டும். ஏற்றம் கடினம், அட்டை கடிக்கும், ஊட்டியிலேயே இன்னொரு நாள் சுற்றலாம் என்றேன். கேட்டாயா?

பாதி மலையில் உன் செருப்பு வார் அறுந்தது. ஓடைப் பக்கம் உட்கார்ந்தாய். அந்த நேரம் பார்த்துப் பெரிய துரையும் அவர் விருந்தாளிகளும் மட்டக் குதிரையில் வந்துவிட்டார்கள். வழிகாட்டச் சொன்னார், போனேன். சம்பளம் கொடுக்கிறவர் நட என்றால் கணக்கெழுதுகிற எஸ்டேட் ரைட்டர் நடக்காமல் என்ன செய்வான்? இங்கேயே இரு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனேன்? திரும்பி வந்தால் நீ இல்லை. பனிமூட்டம் கை நீட்டினால் விரல் தெரியாத மாதிரி இறங்கியிருக்கிறது. காட்டெருமை நடமாடுகிற இடம். இருட்டுகிற வரைக்கும் தொண்டை கிழியக் கத்தினேன்.

புதன் சாயங்காலம் நீ ரயில் ஏறவில்லை என்று மறுநாள் காலையில் ஸ்டேஷனில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்படியானால் அன்று எங்கே தங்கினாய்? யார் வீட்டில்? கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. நாலு பேர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

செய்தது தப்பு என்று ஒரு வரி எழுது. மறந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் கணவன்,
பவுல்ராஜ்.


ஆசிரியைகள் விடுதி,
கோயம்புத்தூர்.
மே 24.

என் கணவருக்கு,

இந்த வார்த்தையை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் புதன்கிழமை அந்த மலையில் நீங்கள் எனக்கு அது இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: இந்தக் கடிதத்தை எழுதியவர், அன்று ஓடைப் பக்கம் நின்றிருந்தவர்தானா? அல்லது வேறு ஒரு பவுல்ராஜா? உங்கள் கடிதத்தில் செருப்பு வார் இருக்கிறது, அட்டை இருக்கிறது, காட்டெருமைகூட இருக்கிறது. நீங்கள் சொன்ன சொல் மட்டும் இல்லை.

நான் எழுதுகிறேன். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது.

துரை குதிரையை நிறுத்தினார். “ரைட்டர்! நீ இங்கே என்ன செய்றே? பெஞ்சாதி கோயமுத்தூர்ல சாகக் கெடக்குன்னு தானே லீவு வாங்கினே?” என்றார். அப்போதுதான் எனக்கே தெரியும், நான் சாகக் கிடக்கிற செய்தி. சரி, பொய் சொல்லி லீவு வாங்கியிருக்கிறீர்கள், பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். சிரிப்புக்கூட வந்தது. அவர் என்னைப் பார்த்து, “இது யாரு?” என்றார்.

நீங்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, “இது ஆயாங்க துரை” என்றீர்கள். “ஊட்டியில ஒரு துரைசாணி ஊட்டுல வேலைங்க. கோட்டை பாக்கோணும்னு ஆசைப்பட்டா, கூட்டிட்டு வந்தேனுங்க.”

‘ஆசைப்பட்டா.’ யாரோ ஒருத்தியைச் சொல்கிற மாதிரி என்னைப் பற்றி ஒருநாளும் பேசாத வாய்.

துரையின் மனைவி, அந்தத் துரைசாணி, குதிரையிலிருந்து இறங்கி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், தன் நாய்க்குட்டியின் வாரை என் கையில் கொடுத்தாள். “ஆயா, புடி. ஓட விடாதே” என்றாள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் அந்த நாயைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, “ஏம்மா, பத்திரமாப் புடிச்சிட்டு இங்கயே உக்காரு” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தீர்கள். இதைத்தான் ‘இங்கேயே இரு, வந்துவிடுகிறேன் என்று சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தார் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். தன்னைப் பிடித்துப்போய்க் கொல்லுவார்கள் என்ற பயமாவது அவருக்கு இருந்தது. மறுதலித்தபின் வெளியே போய் மனங்கசந்து அழுதார். நீங்கள் துரைக்கு எந்தப் பக்கம் போனால் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் என்று காட்டப் போனீர்கள். மேலேயிருந்து உங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு தரம் இல்லை, பல தரம்.

நானும் உட்கார்ந்திருந்தேன். வருவீர்கள், எதையாவது சொல்லிச் சமாளித்துவிட்டு இறங்கி வருவீர்கள் என்று. பனி இறங்க ஆரம்பித்தது. எதிரே இருந்த மரம் மறைந்தது, பிறகு ஓடையே மறைந்தது, தண்ணீர்ச் சத்தம் மட்டும். நாய் குளிரில் நடுங்கி என் சேலைக்குள் புகுந்தது. அதைத் தூக்கி மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தேன். அப்படித் தடவும்போது திடீரென்று தோன்றியது, நான் நிஜமாகவே ஆயா வேலைதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று. நாயை மரத்தில் கட்டினேன். அறுந்த செருப்பை அங்கேயே விட்டேன். இறங்கினேன்.

எங்கே தங்கினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கிற தோரணை எனக்குப் புரியாமல் இல்லை. வழி தவறினேன். தேயிலைக்குள் போனால் எல்லாப் பாத்தியும் ஒரே மாதிரி இருந்தது. ஒரு சரிவில் வழுக்கி, முழங்கால் கிழிந்தது. விறகுக் கட்டோடு ஒரு அம்மாள் வந்தாள். “ஏ தாயி, எங்கன போற? அந்தப் பக்கம் பள்ளம்லா இருக்கு!” என்று கத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் பேர் மூக்கம்மா. கொழுந்து பறிக்கிறவள். எஸ்டேட் கூலிகள் குடியிருக்கிற லயத்தில் ஒற்றை அறை, புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். கருப்பட்டிக் காப்பி கொடுத்து, முழங்காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டி, அடுப்புப் பக்கத்தில் படுக்க வைத்தாள். “ஒத்தையிலயா வந்தே? ஊட்டுக்காரர் எங்க?” என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். நான் அழுதேன். அவள் பிறகு கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள்.

இப்போது என் கேள்வி. ஸ்டேஷனில் விசாரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, யாரைத் தேடுவதாகச் சொல்லி விசாரித்தீர்கள்? மனைவியையா, ஆயாவையா?

சுசீலா.


பெல்மவுண்ட் எஸ்டேட்,
குன்னூர்.
மே 28.

சுசீலாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற மாதிரியே கேட்டிருக்கிறாய். நானும் நின்றுகொண்டேதான் பதில் எழுதுகிறேன், உட்கார முடியவில்லை.

ஆமாம், ஆயா என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? இது கொழுந்து பெருகுகிற காலம். பேக்டரி ராவும் பகலும் ஓடுகிறது. இந்த மாதத்தில் இங்கே யாருக்கும் லீவு கிடையாது. சாவு அல்லது சாகக் கிடப்பது, இரண்டுக்குத்தான் கிடைக்கும். மார்கழியில் கேட்டேன், தரவில்லை. ஈஸ்டருக்குக் கேட்டேன், தரவில்லை. நீயோ ‘உங்களுக்கு என்னைவிட எஸ்டேட்தான் பெரிசு’ என்று எழுதிக்கொண்டேயிருந்தாய். யாருக்காகப் பொய் சொன்னேன்? எனக்கு ஊட்டி பார்க்க ஆசையா? நான் பத்து வருஷமாக இந்த மலையில்தான் கிடக்கிறேன்.

எனக்கு முன்னால் இருந்த ரைட்டர் ஆறுச்சாமியை உனக்குத் தெரியாது. தம்பி கல்யாணத்துக்குப் போய்விட்டு, காய்ச்சல் என்று சொன்னார். துரைக்குத் தெரிந்துபோயிற்று. ஐப்பசி மழையில் பெஞ்சாதி பிள்ளைகளோடு பாத்திரம் பண்டத்தை ரோட்டில் வைத்தார்கள். அதற்குப்பின் இந்த மலையில் ஒரு எஸ்டேட்டும் அவரைச் சேர்க்கவில்லை. துரைமார்கள் எல்லாரும் கிளப்பில் ஒரே மேசையில் உட்காருகிறவர்கள். ஒருவர் வேண்டாம் என்றால் எல்லாரும் வேண்டாம்தான். அன்று துரை ‘இது யாரு’ என்று கேட்டதும் என் கண் முன்னால் நீ தெரியவில்லை, அந்த மழையும் பாத்திரமும்தான் தெரிந்தது.

என் அப்பா இந்த மலைக்கு வந்தபோது முதுகில் கொழுந்து மூட்டை. மேஸ்திரி உதைத்தால் எழுந்து கும்பிட்டவர். அவர் மகன் மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்காருகிறான். உன் அப்பா சபை உபதேசியார் தேவசகாயம், வீட்டில் ஆர்மோனியம் இருந்தது, புத்தக அலமாரி இருந்தது. உனக்குக் கோபப்பட வசதி இருக்கிறது. எனக்கு இல்லை.

அரை நாள். அரை நாள் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? மனசுக்குள் நீ யார் என்று உனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா? நீ நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனது யாருக்குத் தலைவலியாயிற்று தெரியுமா? துரைசாணி எல்லார் முன்னாலும் என்னைத்தான் திட்டினாள்.

சிரித்தேன் என்று எழுதியிருக்கிறாய். துரை சிரித்தால் ரைட்டரும் சிரிக்க வேண்டும். அது சிரிப்பா?

ஸ்டேஷனில் ஆயா என்று சொல்லித்தான் விசாரித்தேன். துரையின் விருந்தாளிகள் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். போதுமா? உண்மையைச் சொல் என்றாய், சொல்லிவிட்டேன். யார் வீட்டில் தங்கினாய் என்று நான் கேட்டது தப்பு. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதற்குள் ஒரு தரம் வந்து போ. நேரில் பேசினால் எல்லாம் சரியாகும்.

பவுல்ராஜ்.


ஆசிரியைகள் விடுதி,
கோயம்புத்தூர்.
ஜூன் 2.

அன்புள்ள உங்களுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதியிருக்கிறேன், அடிக்கவில்லை. ஆறுச்சாமியைப் பற்றியும் உங்கள் அப்பாவைப் பற்றியும் நீங்கள் எழுதியதை வாசித்தபோது என் மனம் இளகியது நிஜம். இந்தப் பயத்தை இரண்டு வருஷத்தில் ஒரு தரமாவது என்னிடம் சொல்லியிருக்கிறீர்களா? நான் என்னவோ நீங்கள் மலை மேல் ராஜா மாதிரி இருக்கிறீர்கள் என்று இங்கே சக ஆசிரியைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊட்டியிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கார் தோட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். தூரத்தில் ஒரு வெள்ளைக்காரி குடையோடு வந்தாள். அவள் நம் பக்கம் வரக்கூட இல்லை. நீங்கள் என் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டீர்கள். “ஏனுங்க, எதுக்கு?” என்றேன். “புல்லு ஈரமா இருக்குது, வா போலாம்” என்றீர்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குப் புல் ஈரமாக இருந்தால் என்ன? நான் அதைப் பிடித்துக்கொண்டு கேட்கவில்லை. உங்கள் கோட்டு தோளில் இருந்தது, கதகதப்பாக இருந்தது, விட்டுவிட்டேன்.

ஆனால் இதை விடமாட்டேன். இருட்டுகிற வரைக்கும் கத்தினீர்களாம். என்ன பேர் சொல்லிக் கத்தினீர்கள்? சுசீலா என்றா? அந்தப் பேர் பள்ளத்தாக்கில் எதிரொலித்துத் துரை காதில் விழுந்துவிடுமே! காட்டெருமை நடமாடுகிற மலையில், பனியில், மனைவியைக் காணவில்லை. குன்னூரில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. போனீர்களா? போகவில்லை. போயிருந்தால் எழுதியிருப்பீர்கள். ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். ‘காணாமல் போனது யார்’ என்று அங்கே கேட்பார்கள். நான் அந்தப் பள்ளத்தில் விழுந்து செத்திருந்தால், யாரோ ஒரு ஆயா செத்தாள் என்றே புதைத்திருப்பீர்களா? இந்தக் கேள்வியோடுதான் தினமும் படுக்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை. இல்லை, கோபத்தில்தான் கேட்கிறேன்.

உங்கள் பொய்யை நான் உடைத்திருக்க முடியும், அதை யோசித்தீர்களா? உங்களைவிட எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். ‘நான் ஆசிரியை, இவருடைய மனைவி’ என்று துரைசாணி மொழியிலேயே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், நாயை அவளே பிடித்திருப்பாள். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் வேலைக்காக. அதனால், எனக்கு என்ன குறைந்துபோயிற்று என்று மட்டும் இனி என்னிடம் கேட்காதீர்கள்.

நான் வருகிறேன். ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். துரையிடம் போய், அன்று மலையில் இருந்தது என் மனைவி என்று சொல்லுங்கள். அவர் வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும். இங்கே வாருங்கள். என் சம்பளம் இருக்கிறது, மிஷன் அச்சாபீசில் கணக்கெழுத ஆள் தேடுகிறார்கள், பாதிரி ஐயரிடம் நானே பேசுகிறேன். உங்கள் பாத்திரம் மழையில் நனையாது. நான் நனையவிடமாட்டேன்.

சொல்லிவிட்டு எழுதுங்கள். சொல்லாமல் எழுதாதீர்கள்.

உங்கள்
சுசீலா.


பெல்மவுண்ட் எஸ்டேட்,
குன்னூர்.
ஜூன் 11.

என் பிரியமான சுசீலாவுக்கு,

சொல்லிவிட்டேன்! கர்த்தர் நல்லவர். இந்த ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை, ராத்திரி தூக்கமில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே பங்களாவுக்குப் போனேன். துரை தாழ்வாரத்தில் பைப் பிடித்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு படியேறினேன். “துரை, அன்னிக்கு மலையில இருந்தது ஆயா இல்லீங்க, என்ர சம்சாரமுங்க. பொய் சொல்லிப் போட்டேனுங்க” என்று சொன்னேன்.

அவர் என்ன செய்தார் என்று நினைக்கிறாய்? சிரித்தார்! நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். “தெரியுமே, ரைட்டர்! தாலி போட்டுக்கிட்டு எந்த ஆயா உன்னோட மலை ஏறுவா? நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் கேட்டேன்” என்றார். அவருக்கு அன்றைக்கே தெரியுமாம். துரைசாணிக்கும் தெரியுமாம். விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்தார்களாம். இரண்டு நாள் சம்பளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டார். நான் வீணாகப் பயந்து செத்ததுதான் மிச்சம்.

இதற்கு மேல்தான் சமாச்சாரம். துரைசாணி உள்ளேயிருந்து வந்தாள். உன்னைப் பற்றி விசாரித்தாள். படித்தவள், ஆசிரியை, இங்கிலீஷ் பேசுவாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவர்களுக்கு ஐப்பசியில் குழந்தை பிறக்கப்போகிறது. சுத்தமான, படித்த, கிறிஸ்தவப் பெண் ஒருத்தி குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். “அந்த நாய் யார்கிட்டயும் நிக்காது, உன் சம்சாரம் மடியில சத்தமில்லாம இருந்துச்சே” என்றாள். பங்களா பின்னால் ஓடு போட்ட தனி வீடு தருவார்கள். இரண்டு அறை, தண்ணீர்க் குழாய் உண்டு. எனக்கும் உனக்கும். இரண்டு வருஷமாகப் பிரிந்து கிடக்கிறோமே என்று ஜெபம் பண்ணினோமே, சுசீலா, பதில் வந்துவிட்டது. தீமையாக நினைத்ததைத் தேவன் நன்மையாக முடியப் பண்ணினார்.

ஆயா என்ற பேரை நினைத்து நீ முகம் சுளிக்காதே. நீ பிள்ளைகளோடு பழகுகிறவள்தானே. வெள்ளைக்காரக் குழந்தைக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறதும் பள்ளிக்கூட வேலை மாதிரிதான். துரைசாணியிடம் ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லவில்லை, ‘வருவாள்’ என்றே சொல்லிவிட்டேன். அவளுக்குக் காத்திருக்கிற பழக்கம் இல்லை.

சனிக்கிழமை நான் மேட்டுப்பாளையம் இறங்கி வருகிறேன். லீவு துரையே கொடுத்துவிட்டார், இந்தத் தரம் பொய் சொல்லாமல்! சாமான்களைக் கட்டி வை.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் பவுல்ராஜ்.


பெண்கள் பள்ளி,
கோயம்புத்தூர்.
ஜூன் 13.

திரு. பவுல்ராஜ் அவர்களுக்கு,

சனிக்கிழமை வர வேண்டாம். இந்தக் கடிதம் அதற்குள் கிடைக்க வேண்டும் என்று தபாலாபீசுக்கு நானே நடந்துபோய்ப் போடுகிறேன்.

கேட்டதைச் செய்தீர்கள். அந்தப் படி ஏற நீங்கள் எவ்வளவு பயந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. முதல் பக்கத்தை வாசித்து முடித்தபோது நான் அழுதேன், சந்தோஷத்தில். அங்கேயே கடிதத்தை நிறுத்தியிருந்தால் சனிக்கிழமை மேட்டுப்பாளையத்தில் நானே வந்து நின்றிருப்பேன்.

அவர்களுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் நாயை என் கையில் கொடுத்தாள். உங்கள் பெண்டாட்டியை நீங்கள் எவ்வளவு தூரத்துக்கு விட்டுக்கொடுப்பீர்கள் என்று பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இதைக் கேட்டு உங்களுக்கு ரத்தம் கொதித்திருக்க வேண்டும். நீங்கள் ‘கர்த்தர் நல்லவர்’ என்று எழுதுகிறீர்கள். மலையில் பயத்தில் சொன்னீர்கள், அதை என்னால் மன்னிக்க முடிந்தது. பயந்தவனை யாரும் மன்னிப்பார்கள். இப்போது ஒருவரும் உங்களைப் பயமுறுத்தவில்லை. தாழ்வாரத்தில் நின்று, என்னைக் கேட்காமல், சந்தோஷமாக, ‘வருவாள்’ என்று சொல்லியிருக்கிறீர்கள். இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று கோட்டைக்குப் போயே ஆக வேண்டும் என்று நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன் தெரியுமா? லீவுக்கு மலை ஏறி வருவதற்கு முன்னால் தலைமை ஆசிரியை அம்மாளிடம், வருஷக் கடைசியில் வேலையை விட்டு நிற்கிறேன், என் புருஷனோடு இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலையை விட்டுவிட்டு வா என்று நீங்கள் இரண்டு வருஷமாகக் கேட்டது அதுதானே. உச்சியில் நின்று உங்களிடம் சொல்லலாம், நீங்கள் என்ன முகம் காட்டுகிறீர்கள் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். காந்தலில் இரண்டு நாளும் வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நேற்றுச் சாயங்காலம் அந்தத் தலைமை ஆசிரியை அம்மாளிடம் போய், நான் போகவில்லை என்று சொன்னேன். மாணவியர் விடுதிச் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார். அனாதைப் பிள்ளைகள் உட்பட எல்லாப் பெண்களும் இனி என் பொறுப்பு. மூக்கம்மாவின் மூத்தவளையும் இங்கே சேர்க்கக் கேட்டிருக்கிறேன்.

உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. உங்கள் வேலை உங்களுக்கு நிலைக்கட்டும். ஓடு போட்ட வீடு தருகிறேன் என்றால் நீங்கள் மட்டும் போய் இருங்கள். நிஜமாகவே சொல்கிறேன், நீங்கள் இப்போது இருக்கிற லயத்தைவிட அது உங்கள் மார்புச் சளிக்கு நல்லது.

வருகிற கோடையில் விடுதிப் பெண்களை ஊட்டிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். ரயில் குன்னூரில் தண்ணீர் பிடிக்க நிற்கும். நீங்கள் அந்த நேரத்தில் பிளாட்பாரத்துக்கு வந்துவிடாதீர்கள். பிள்ளைகள் உங்களைக் காட்டி, “டீச்சர், அது யாருங்க?” என்று கேட்டால், என் வீட்டுக்காரர் என்றுதான் சொல்லுவேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

சுசீலா தேவசகாயம்.